புத்தி வெண்ணெய்

உலக மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: வருகிற வியாழக்கிழமை காலை, நரின் நகரப் பாலாலை முற்றத்தில், பச்சிளங்குழந்தையின் மூளை எதனால் வளர்கிறது என்ற கேள்விக்கு இறுதி விடை அளிக்கப்படும். இத்தனை காலம் இதில் மண்டையை உடைத்துக்கொண்ட விஞ்ஞானிகள் இனி வேறு வேலை பார்க்கலாம். விடைக்குப் பின் ஆட்டுக்கறி விருந்து உண்டு.

இப்படித்தான் அழைப்பிதழில் அச்சடித்திருந்தார் ஆலை இயக்குநர் ஜுமாதில் ஒரோசோவிச். விருந்து பற்றிய வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

பிள்ளை பிறந்தால் அதன் உதட்டில் உருக்கிய வெண்ணெய் தொட்டு வைப்பது கிர்கிஸ் வீடுகளில் வழக்கம். முதலில் வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அதனால் நல்ல கை தேடி அலைவது வரன் தேடி அலைவதற்குக் குறைந்த வேலையல்ல. இயக்குநரோ ஏதோ ஒரு மாநாட்டில், பால் கொழுப்பின் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு உண்டு, குழந்தையின் மூளைக்கு அது நல்லது என்று அரைத் தூக்கத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தார். சவ்வு, வெண்ணெய், முன்னோர் மூன்றையும் சேர்த்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, 'புத்தி வெண்ணெய்' என்று பெயரும் சூட்டிவிட்டார். முதன்முதலில் அது படப்போகும் உதடு, ஆலையின் பரிசோதனைக்கூடத் தலைவி புருல்சுனுக்குப் புதிதாகப் பிறந்த மகளுடையது. வைக்கப்போகும் கை, சந்தேகமென்ன, இயக்குநருடையதே.

புருல்சுன் ரசாயனம் படித்தவள். வெண்ணெயால் குணம் வரும் என்பதையெல்லாம் நம்பாதவள். ஆனாலும் இயக்குநரின் குணங்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அடுத்தவர் செய்த வேலைக்குத் தானே மாலை போட்டுக்கொள்வது, கைதட்டாவிட்டால் முகம் சுளிப்பது, மைக்கைக் கண்டால் குடும்பத்தையே மறப்பது... இவையெல்லாம் இந்தப் பிஞ்சுக்கா?

விஞ்ஞானத்தின் துணையோடு போன் செய்தாள்.

"ஜுமாதில் ஒரோசோவிச், ஒரு சின்ன விஷயம். வெண்ணெய் கடையறப்போ அந்தச் சவ்வு கிழிஞ்சுடும். முக்கால்வாசி மோரோட போயிடும்."

"மோரை என்ன பண்றோம்?"

"உங்க வீட்டுக் கன்னுக்குட்டிங்களுக்குத்தான் போகுது."

"அதானே பார்த்தேன்! என்ன சூட்டிகை தெரியுமா எங்க கன்னுங்க!" என்றார் பெருமையோடு.

"தாய்ப்பால்லயே அந்தச் சவ்வு இருக்குங்க. பிள்ளைக்குக் கிடைக்கிற சக்தியில ஏறக்குறைய பாதி அதோட கொழுப்புலேருந்துதான் வருது. உதட்டுல தொட்டு வைக்கிற துளியால மூளை எல்லாம் வளராது."

"புருல், பெத்த உடம்பும்மா. இப்பப் போயி ரொம்ப யோசிக்கக் கூடாது. பிள்ளைக்கு வெள்ளை உடுப்பா போட்டுக் கொண்டா. போட்டோ நல்லா விழும்."

விஞ்ஞானம் அத்தோடு கழன்றுகொண்டது. புருல்சுன் அடுக்களைக்குப் போய், நாத்தனார் சோனுன் முன்னால் நின்றாள். ஊரே கேட்கும்படி சிரிப்பவள் சோனுன். ஒருவரையும் ஏமாற்றியதில்லை, ஒருவருக்கும் கும்பிடு போட்டதுமில்லை. மூத்தவள் என்பதால் 'எஜே', அதாவது அக்கா, என்றே புருல்சுன் அவளைக் கூப்பிடுவாள்.

"எஜே, வியாழக்கிழமைக்கு முந்தி நீங்களே பிள்ளைக்கு வெண்ணெய் வெச்சுடுங்க."

"யாரு பேசறது? பிள்ளையோட வீட்டுக்கு வந்த அன்னிக்கு 'கிருமி, மூடநம்பிக்கை, கையை எடுங்க'ன்னு என்னை விரட்டினாளே, அந்தப் படிச்ச மகராசியா?"

"அந்த ஆள் மாதிரி ஆயிட்டா என்ன பண்றது எஜே?"

"ஆகட்டுமே. வீட்டுக்கு ஒரு இயக்குநர் இருந்தா நல்லதுதானே?"

"எஜே!"

"சரி சரி, கண்ணைத் துடை. அழுதா பால் சுரக்காது. நான் பார்த்துக்கறேன் போ."

வியாழக்கிழமை விடிந்ததும் சோனுன், "ஆச்சு, வெச்சாச்சு" என்றாள். புருல்சுன் லேசான மனத்தோடு ஆலைக்குக் கிளம்பினாள்.

இயக்குநர் பேசினார். முன்னோருக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை என்றார். கொழுப்பே நாகரிகம் என்றார். குளிரில் பிள்ளை வீறிட்டது. அதையும் ஆதரவுக் குரலாகவே எடுத்துக்கொண்டு மேலே போனார்.

"இப்படிப் பேசியே வெண்ணெயை உருக்கிடுவான் போலிருக்கே," என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் நின்ற சோனுன். "கவலைப்படாதே. நம்ம வேலை முடிஞ்சுது. வீட்டு வெண்ணெய்தான் தீந்துபோச்சு. உங்க ஆலைப் பொட்டலத்தைப் பிரிச்சுத்தான் வெச்சேன்."

புருல்சுனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆலைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பது அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பனிக்காலத்திலிருந்து பாமாயிலும் மஞ்சள் சாயமும்தான். பேருக்குக்கூட ஒரு சொட்டுப் பால் கொழுப்பு கிடையாது. பரிசோதித்துப் பார்த்து இயக்குநரிடம் போய்ச் சொன்னவளே அவள்தான். "வெளியே மூச்சு விடாதே" என்று பதில் கிடைத்திருந்தது. அப்படியானால் எஜே வைத்தது கணக்கில் சேராது. ஆலையில் இன்னும் கடைகிற கொஞ்சநஞ்ச நிஜ வெண்ணெய் இந்தப் புட்டிக்குத்தான் போயிருக்கும். இந்த மனிதர் வைக்கப்போவதுதான் முதல் வெண்ணெய்!

பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். அதற்குள் இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி, புட்டியைத் திறந்து, விரலை விட்டுக்கொண்டே நெருங்கினார். அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு திரும்பியது. இதுவும் அதே பாமாயில் பீப்பாய்ச் சரக்குதான்; இதுவும் கணக்கில் சேராது.

இயற்கையில் இல்லாத அந்த நிறம் அவளுக்கு அன்று தெய்வமாகத் தெரிந்தது. சிரித்த முகத்தோடு பிள்ளையை நீட்டினாள்.

இயக்குநர் உதட்டில் தொட்டு வைத்தார். கூட்டம் கைதட்டியது. அவர் கண்கலங்கினார், மைக்கை மட்டும் விடவில்லை. மாவட்டப் பத்திரிகை 'மேதை ஒருத்தி உருவாகிறாள்' என்று படத்தோடு போட்டது.

பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. வெண்ணெய் பிடிக்காது.