கீழே விழுந்த குச்சி

முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று வீம்பு பிடித்த நெலிடா, அந்த ஞாயிறு மதியம் தலை சீவி, உதட்டுச் சாயம் பூசி, அதே படம் மறுபடி ஓடுகிற, ரொசாரியோ நகரத்தின் தென்கோடியில் இருக்கும் பேட்டை கிளப்புக்குக் கிளம்பிவிட்டாள். கூடவே நாத்தனார் மிர்த்தா, கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல அண்ணி, திரும்பிடலாம். பேரு இல்லேன்னா ஒரு வாரம் சாப்பிட மாட்டீங்க."

"இருக்கா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். வாயை மூடிக்கிட்டு வா."

விஷயம் இதுதான். நெலிடாவுக்குப் பதினேழு வயதானபோது ஊரில் ஒரு படம் எடுத்தார்கள். நான்கு பள்ளிக்கூடத்துப் பையன்கள் ராக் இசைக்குழு தொடங்கி, அடிபட்டு, காதலித்து, ஆளாகிற கதை. டிரம்ஸ் வாசிப்பவனாக நடித்த பயலுக்கு டிரம்ஸில் ஒரு மண்ணும் தெரியாது. வாசித்தது நெலிடா. கடைசியில் உன் பேர் வரும் என்று இயக்குநர் சத்தியம் செய்தார். படம் வந்த வாரமே பார்த்த தோழி ஒருத்தி, "உன் பேரைக் காணோமேடி" என்றாள். அன்றைக்கு விட்டுப்போன மனசு.

போன மாதம்தான் அவளுக்குப் பொறி தட்டியது. தோழி பார்த்ததும் இதே கிளப்பில். இங்கே ஞாயிறு என்றால் படம், படம் முடிந்ததும் நடனம். பேர்கள் ஓடத் தொடங்கும்போதே விளக்கைப் போட்டு நாற்காலியை அடுக்கிவிடுவார்கள். இந்தப் பேட்டையில் எவன் ஒரு படத்தைக் கடைசி வரை பார்த்திருக்கிறான்?

படம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சல். கடைசிப் பாட்டு வந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன மௌனம் உண்டு. கல்யாணமோ கால்பந்து மைதானமோ, இந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அந்த இடத்தில் எல்லோரும் ஒரே ஒரு தட்டு கை தட்டுவார்கள். ஏதோ மேதை யோசித்து வைத்த மௌனம் என்று வானொலியில் அளப்பார்கள். மண்ணாங்கட்டி! ஒலிப்பதிவின்போது வியர்வையில் நெலிடாவின் வலது கைக் குச்சி நழுவிவிட்டது, அவ்வளவுதான். குச்சி தரையில் விழும் 'டக்' கூடப் படத்தில் கேட்டது. உடனே அரங்கம் முழுக்கக் கை தட்டியது.

பேர்கள் ஓடத் தொடங்கின. பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"எழுந்திருங்கம்மா, நாற்காலி வேணும்" என்றார் கிளப் காவலாளி ஒவிடியோ.

"என்னையும் சேர்த்து அடுக்கு. எழுந்திருக்க மாட்டேன். விளக்கை அணை."

"டான்ஸுக்கு நேரமாச்சும்மா!"

"அணைய்யா!"

அந்தக் குரலுக்கு அவர் அணைத்துவிட்டார். தையல்காரி பேர் வந்தது. ரொட்டி கொடுத்தவன் பேர் வந்தது. டிரம்ஸ் என்ற இடத்தில் அந்த நடிகன் பேர் வந்தது. திரை வெளுத்தது.

மிர்த்தா அழுதேவிட்டாள். நெலிடா அழவில்லை. விளக்கு வந்ததும் எழுந்து நேரே மேடைக்கு நடந்தாள். நடனத்துக்காக அங்கே டிரம்ஸ் தயாராக இருந்தது.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! வாசிக்கிறவங்க வர்ற நேரம்" என்று நாலு நாற்காலியைச் சுமந்துகொண்டே கத்தினார் ஒவிடியோ.

"வாசிக்கிறவ வந்தாச்சு."

அதே பாட்டை எடுத்தாள். கூட்டம் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. மௌனம் வரவேண்டிய இடத்தில் வலது கையை விரித்துவிட்டாள். டக். அரங்கமே பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டியது. ஒவிடியோவும் நாற்காலிகளைத் தடாலென்று போட்டுவிட்டுத் தட்டினார்.

தட்டிய கை அப்படியே நிற்க, மேடையில் உருண்ட குச்சியைப் பார்த்தார்.

"அந்த டக்கு... படத்துலயும் வருதே. அது நீங்களா?"

"நெலிடா சபால்சா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. அப்புறம் அந்தக் குச்சியை எடுத்துக் கொடு. பாட்டு இன்னும் முடியல."