நுனானாவுக்கு ஒன்பது வயது

என் முதல் நாவல் வெளியானபோது எனக்கு இருபத்தாறு வயது. ஹோ நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தலைநகர் அக்ராவில் ஒரு சிறிய பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் போட்டது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயக்கதை. காயலுக்கு அடியில் வெள்ளை மாளிகை கட்டி வாழ்கிற உப்புக்காரி, உச்சிவெயிலில் பெண்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் கொடுத்தவள் வீடு திரும்புவதில்லை. அப்படிப் போன நுனானா அங்கேயே வளர்ந்து, உப்புக்காரியின் படைவீரன் ஒருவனைக் காதலித்து, அவன் துணையோடு அவளைக் கொன்று, முந்நூறாம் பக்கத்தில் அம்மாவிடம் வந்து சேர்கிறாள்.

உப்புக்காரியும் நுனானாவும் நான் உண்டாக்கியவர்கள் அல்ல. எங்கள் சொந்த ஊரான அன்லோகாவில் நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது, அப்பாவின் அக்கா கொசிவா அத்தை மீன் புகைபோடும் அடுப்பருகே உட்கார்ந்து சொன்ன கதை அது. அவர் சொன்னதில் நுனானா போனாள், அவ்வளவுதான். வளர்ந்தது, காதலித்தது, திரும்பி வந்தது எல்லாம் என் வேலை. முன்னுரையில் ‘எங்கள் ஊரின் பழங்கதை’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அத்தையின் பெயரைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்லோகாவில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஒரு சனிக்கிழமை காலை வெளியீடு வைத்தார்கள். பதிப்பகத்திலிருந்து திரு. லாம்ப்டி வந்திருந்தார். அவருக்கு எங்கள் எவே மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. அப்பா முதல் வரிசையில் புதுச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். மாணவர்களுக்காக ஒரு பகுதியை எவேயில் சொல்லச் சொன்னார்கள். நுனானாவும் வீரனும் முதன்முதலாக முத்தமிடுகிற இடத்தை எடுத்தேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

அப்போது, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை உள்ளே வந்தார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கடையிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

“உக்காருங்க அத்தை.”

“உக்கார வரல. யாரைக் கேட்டுடி எழுதின?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே அத்தை.”

“எல்லாருக்குமா? ஏ பிள்ளைங்களா, நுனானா கதை தெரிஞ்சவங்க கை தூக்குங்க.”

ஒரு கைகூட எழவில்லை. தன் பெயரைப் போடாத கோபம் என்றுதான் நினைத்தேன். “அடுத்த தடவை அச்சடிக்கும்போது உங்க பேரைப் போடச் சொல்றேன்” என்றேன்.

“என் பேரு எதுக்கு? என் மக பேரை எடு.”

அத்தைக்குப் பிள்ளைகளே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“நீ பிறக்கறதுக்கு முன்னாடி. உப்பு அள்ளப் போன இடத்துல கூடையை விட்டுட்டு வந்துட்டா. போய் எடுத்துட்டு வாடின்னு அனுப்பினது நான். மழைத்தண்ணி நிறைஞ்ச உப்புக்குழி. சாயங்காலம்தான் தூக்கினாங்க.” அத்தையின் குரல் கொஞ்சமும் உடையவில்லை. “ஒன்பது வயசு. அந்தப் பிள்ளைக்கு நீ ஆள் பிடிச்சுக் குடுத்திருக்க. இத்தனை பேர் முன்னாடி முத்தம் குடுக்க வைக்கிற.”

லாம்ப்டி என் காதருகே குனிந்து, “உங்க உறவா? ரொம்ப மனசு நெகிழ்ந்து வாழ்த்தறாங்க போல” என்றார். சொன்னதோடு நிற்காமல் எழுந்து கைதட்டவும் தொடங்கினார். பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் விவரம் புரியாமல் கூடச் சேர்ந்து தட்டினார்கள். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் காலடியில் துப்பிவிட்டு வெளியே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சீங்களே.”

“இங்கிலீஷ் புத்தகம். அக்கா எங்க படிக்கப் போறான்னு இருந்துட்டேன்.” குனிந்து செருப்பைக் கழற்றினார். “உனக்கும் பேர் வரட்டும்னுதான்.”

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர் வந்தாலும் முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்த காரணம் கேட்பார்கள். அத்தை தண்ணீர் கொடுக்கவில்லை.

“கொண்டு வந்திருக்கியா அதை?”

“இருக்கு.”

“படி. முதல்லேருந்து. ஒண்ணையும் விடக் கூடாது.”

மூன்று பிற்பகல்கள் வரிவரியாக எவேயில் சொன்னேன். அத்தை மீனைத் திருப்பிப்போட்டுக்கொண்டே ஒவ்வொரு பக்கத்திலும் குற்றம் கண்டுபிடித்தார். நுனானா கழுதைப்புலி மேல் ஏறிப் போகிற இடத்தில், “அவ நாய்க்குட்டியைக் கண்டாலே என் முந்தானைக்குள்ள ஒளிவா” என்றார். அவள் உப்புக்காரியை எதிர்த்து நீளமாகப் பேசுகிற இடத்தில், “இவ்வளவு பேச்சு எங்கேருந்து வந்துச்சு? இது நீ. பள்ளிக்கூடத்துலயே உனக்கு வாய் நீளம்” என்றார். புகையில் என் கண் எரிந்தது. தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “இது கற்பனை அத்தை. நீங்களும்தானே ஒரு உப்புக்காரியை உண்டாக்கினீங்க?”

“உண்டாக்கினேன். நீங்க யாரும் அந்தக் குழிப் பக்கம் போகக் கூடாதுன்னு உண்டாக்கினேன். நீ எதுக்கு உண்டாக்கின?”

போன மாதம் வானொலிப் பேட்டியில் இதே கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொல்லியிருந்தேன். அதில் ஒரு வாக்கியத்தைக்கூட அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. நுனானா ஈரத்தோடு வாசலில் வந்து நிற்கிறாள், அம்மா ஓடி வருகிறாள்.

“நிறுத்து.”

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. அடுப்பில் ஒரு வரிசை மீன் கருகியது. அதைத் திருப்பிப்போடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“பேரை எடு. மத்தது உன் பாடு. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே.”

பெயரை மாற்ற லாம்ப்டி லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. நுனானாவைப் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, போட்டி ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார். இரண்டாவது புத்தகத்தைத் தரமாட்டேன் என்று மிரட்டித்தான் சம்மதிக்க வைத்தேன். மறு அச்சில் அவள் எலிகெம் ஆனாள். ஒரு பிரதியை எங்கள் ஊருக்குப் போய்வருகிற வேன் ஓட்டுநர் மூலம் அத்தைக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அதே ஓட்டுநர் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் எதுவும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டு உள்ளே இருந்தது. ஒன்பதாவது வரியில் ‘நுனானா’ என்று அப்படியே இருந்தது. சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது. இங்கிலீஷ் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை உட்காரவைத்து முழுப் புத்தகத்தையும் தேடச் சொன்னாராம்.

ஆயிரத்து எண்ணூறு பிரதிகள் அச்சாகிக் கிடங்கில் இருந்தன. “ஒரே ஒரு இடம். அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார் லாம்ப்டி. விடுப்பு எடுத்துக்கொண்டு அக்ராவுக்குப் போனேன். காற்று வராத அந்தக் கிடங்கில் ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, அந்த ஒரு பெயரைக் கறுப்பு மையால் அடித்து, மேலே ‘எலிகெம்’ என்று எழுதினேன். ஐந்து நாள் ஆயிற்று. கிடங்கு ஆட்கள் என்னைப் பைத்தியம் என்று என் காதுபடவே சொன்னார்கள்.

முடித்துவிட்டேன் என்று ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது, “சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னேன். முதல்ல வித்த புத்தகத்தை எல்லாம் என்ன பண்ணுவாளாம்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? கதவைச் சாத்திட்டாங்க.”

நான்கு வருடமாகிறது. அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை.