மெக்கானிக் வீட்டு பிரிட்ஜ்

உதயகுமார் ஊரார் வீட்டு பிரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பான். அவன் வீட்டு பிரிட்ஜின் கதவோ, பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியதால்தான் மூடி நின்றது. சரி பண்ணுங்கள் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவன் பெண்டாட்டி மகேஸ்வரிக்கு வாய் வலித்துப்போயிற்று. "மோட்டார் போச்சு புள்ள, விட்டுத்தள்ளு" என்று ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

அதுகூடப் போகட்டும். நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தவன், "சொர்ணலதா மேடம் காத்திருப்பாங்க, பால் திரிஞ்சு போயிருச்சாம்" என்று பாதியில் கை கழுவிவிட்டு ஓடினான். சரஸ்வதிபுரத்து அந்த மேடம் வீட்டுக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது நடை. திரும்பி வந்து அந்த அம்மாள் போட்ட காபியைப் பற்றி வேறு பேசினான். பேசுவானா ஒரு மனுஷன்!  மகேஸ்வரி வீட்டிலும்தான் பால் திரிகிறது. யார் ஓடி வந்தார்கள்?

மேடங்களிடம் இவன் எப்படித்தான் பேசுகிறான், காதால் கேட்டே ஆக வேண்டும். காலையில் மண்டி மொஹல்லா முனையிலிருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் அவன் கடைக்குப் போன் போட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மூக்கால் அந்த ஊர்க் கன்னடம் பேசினாள். வீட்டில் தமிழே பேசுகிறவள், அவனுக்குக் குரல் பிடிபடவில்லை.

"எங்க பிரிட்ஜ் கூலிங் ஆகலைங்க."

"ஹேளி மேடம், ஹேளி" என்றான். சொல்லுங்க என்பதில் என்ன குழைவு, அடேயப்பா! மேற்கொண்டும் கன்னடத்திலேயே விசாரித்தான்.

"உள்ளே லைட் எரியுதா மேடம்?"

"எரியுது."

"மோட்டார் விட்டு விட்டு ஓடுதா, நிக்காம ஓடுதா?"

"நிக்காம ஓடுது. மேலே ஐஸ் மொத்தமா கட்டிக்குது, கீழே வச்ச பால் திரிஞ்சு போகுது."

"அய்யோ பாவம்!"

முன்பின் தெரியாதவளுக்கு அய்யோ பாவமாம்! வீட்டில் பால் திரிந்தால், "காய்ச்சி வைக்கத் தெரியாதா?" என்பான்.

"கதவிடுக்குல ஒரு தாளை வச்சு மூடி, இழுத்துப் பாருங்க மேடம். சும்மா வந்துடுதா?"

"தாளா? கரப்பான்பூச்சியே குடும்பத்தோட போய்ட்டு வருது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அவனைச் சிரிக்கவைத்தவளின் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல் மகேஸ்வரிக்குக் கை பரபரத்தது. அந்தப் பாவி தானேதான் என்று தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

"பயப்படாதீங்க மேடம், மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் தளர்ந்துபோச்சு. வெளிக்காத்து உள்ளே போய்த்தான் ஐஸ் அப்படிக் கட்டுது, மோட்டாரும் ஓயாம ஓடுது. ரப்பர் மாத்தினா ஒரு மணி நேர வேலை. இன்னைக்கே வர்றேன், அட்ரஸ் சொல்லுங்க."

ஒரு மணி நேரம்! வருஷம் பூரா அந்தச் சேலைக் கரையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாய் இருந்தவளின் வாயிலிருந்து முந்தானை நழுவியது. கன்னடம் எங்கே போயிற்றோ.

"ஏனுங்க, ஒரு மணி நேர வேலைங்களா அது?"

அவனும் தமிழுக்குத் தாவினான்.

"மகேசு... நீயா புள்ள?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம்னு சொல்லுங்க."