ஹாலில் போட்ட நங்கூரம்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. அதை நேராகச் சொல்லக் கூச்சமாக இருப்பதால், அந்த வார்த்தையைச் சொன்னவனுக்கு ரயன் என்று பெயர் வைத்துச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறேன்.

ரயனுக்குப் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பல் கட்டும் வேலை. (கப்பல் செய்வதல்ல, கரைக்கு வரும் கப்பலின் கயிற்றை வாங்கி இரும்புத் தூணில் மாட்டுவது.) வீடு செனாயில். மனைவி நிக்கோல் தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள். குழந்தை அமண்டாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதத்துக்கென்று தன் ஊரான பாலோவிலிருந்து வந்த மாமியார் பேட்ரிசியா, ஏழு மாதமாக இருக்கிறார்.

போன ஞாயிறு கூட்டாளி காளிதாஸ்* போனில் கேட்டான். "மாமியா இன்னும் போகலையா லா?"

"எங்க போறது? ஹால்ல நங்கூரம் போட்டுட்டாங்க."

சிரித்துக்கொண்டே ரயன் திரும்பினான். பேட்ரிசியா பின்னால் உட்கார்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

* கையில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கிறான். நீச்சல் தெரியாது.

2

முதல் வரிக்குப் படாத பாடு பட்டேன்.

'பேட்ரிசியா பிடிவாதக்காரி' – பச்சைப் பொய்.

'மாமியார் என்றாலே' – போதும்.

பாவம், நங்கூரம் என்ற சொல்லும் என்ன செய்யும்? மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரே தேத்தண்ணியோடு பொழுதைப் போக்குகிறவனும் நங்கூரம் போட்டவன்தான். கோயிலில் ஃபாதர் நம்பிக்கையை நங்கூரம் என்கிறார். சொல் ஒரு குற்றமும் செய்யவில்லை. சொன்னவன் செய்தான்.

3

மறுநாளும் அத்தை கையால் அதே சூட்டில் தேத்தண்ணி வந்தது.

"சனிக்கிழமை பாலோவுக்குப் போறேன் மாப்ள."

"ஏன் அத்தை?"

"வீடு பூட்டியே கெடக்கு."

நிக்கோல் ரயனைத் தனியே கேட்டாள். "அம்மாகிட்ட நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

இல்லை என்றான். (இங்கே அவனை மன்னிப்புக் கேட்க வைத்து ஒரு பத்தி எழுதினேன். அவன் கேட்கவில்லை. அடித்துவிட்டேன்.)

4

இன்று வெள்ளி. வேலையில் ரயன் கடலைப் பார்த்தபடி நின்றான். தூரத்தில் நான்கு கப்பல்கள். கரையில் இடம் கிடைத்த கப்பலைக் கயிறே பிடித்துக்கொள்ளும். இடம் கிடைக்காததுதான் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். எட்டு வருஷமாக இது தெரிந்தவன்தான் அப்படிச் சொன்னான்.

ஏழு மாதமாக அத்தை ஹாலில் மெத்தை விரித்துப் படுக்கிறார். காலையில் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார். வீட்டின் பின்னறை காலியாக இல்லை. அதில் ரயன் கதை எழுதுகிறான்.

5

முடிவுகள்: (அ) அத்தை போய்விடுகிறார். (ஆ) பஸ் நிலையத்தில் எல்லோரும் அழுகிறார்கள். (இ)

ரயன் போதும். நான்தான்.

சாயங்காலம் பின்னறையிலிருந்து புத்தகங்களை வெளியே அடுக்கிவிட்டு மேசையை இழுத்தேன். நகரவில்லை. சத்தம் கேட்டு அத்தை வந்தார்.

"தனியா தூக்காதீங்க மாப்ள, இடுப்பு புடிச்சிக்கும்." மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வைக்கணும்?"

"ஹால்ல. நீங்க படுக்குற எடத்துல."

அவர் மேசையை விடவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு அத்தை."

"மெதுவா வைங்க. புள்ள தூங்குது."

மெத்தையைப் பின்னறையில் நானே விரித்தேன். வாசலருகே அவருடைய பை நிற்கிறது. அதைத் தொட எனக்கு உரிமையில்லை. நாளைக் காலை அத்தை அதை எந்தப் பக்கம் தூக்கிப் போவார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத இப்போது அறை இல்லை.