கருவாட்டு மூக்கும் ராயல் லில்லியும்

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான் அது உதவும். தூத்துக்குடியில் கொழும்புக்குக் கருவாடு ஏற்றும் சரக்குக் கிட்டங்கியில் பதினெட்டு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தால் எவன் மூக்கும் செத்துத்தான் போகும். வீட்டில் சோறு அடிப்பிடித்தால், புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவன் பூ வளர்க்கக் கிளம்பினேன். கொழுப்பு, வேறென்ன.

விதை அனுப்பியவன் என் தம்பி தேவபிரசாதம். சிங்கப்பூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தான். நாற்பத்தொன்று செப்டம்பரில் அவனிடமிருந்து ஒரு கடிதமும் கூடவே ஒரு காகிதப் பொட்டலமும் வந்தன. பொட்டலத்தின் மேல் ‘ராயல் லில்லி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, வெள்ளைப் பூவில் சிவப்புக் கோடு ஓடுகிற மாதிரி ஒரு படம். கடிதத்தில் தம்பி எழுதியிருந்தான்: “அண்ணாச்சி, இது விதையிலிருந்து கிழங்கு வைத்துப் பூக்க நாலு வருஷம் ஆகுமாம். எனக்கும் இங்கே ஒப்பந்தம் நாலு வருஷம்தான். முதல் பூ விரியும்போது நான் நம் வீட்டில் இருப்பேன்.”

விதைகள் கறுப்பாக, பொடியாக இருந்தன. ஆறு மண்ணெண்ணெய் டின்களில் ஆற்று மணலும் சாணித் தூளும் கலந்து விதைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஆகவே என் மனைவி ஜெபகனி குடிப்பதற்காக இடுப்பில் சுமந்து வந்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பை எடுத்து அதற்கு ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பத்தாம் நாள் பச்சை ஊசிகளாக முளை வந்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. தம்பியின் கடிதங்கள் நின்றன.

“தம்பிகிட்டருந்து தாக்கல் உண்டா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “இன்னும் பூக்கலைல்லா? பூக்கட்டும், வருவான்.” வேடிக்கைபோலத்தான் சொல்லுவேன். உள்ளுக்குள் அதையேதான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். செடி உயிரோடு இருந்தால் தம்பியும் உயிரோடு இருக்கிறான், பூத்தால் வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலில் முன்வரிசையில் உட்காருகிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் தகர டின்னிடம் குறி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தின் பின்பக்கம் வளர்க்கும் முறை அச்சடித்திருந்தது. இலை பழுத்ததும் கிழங்கைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, மறுபடி நட வேண்டும், கிழங்கு பார்க்க வெங்காயம்போல இருக்கும் என்று கண்டிருந்தது. தோண்டினேன். பார்க்க வெங்காயம்போலவேதான் இருந்தது. இன்வாய்ஸில் உள்ளபடி சரக்கு வந்து இறங்கினால் கணக்குப்பிள்ளைக்கு என்ன சந்தேகம் வரும்? பரம திருப்தியோடு உலர்த்தி நட்டேன்.

வருஷத்துக்கு வருஷம் கிழங்கு பெருகியது. கண்டவனுக்கெல்லாம் கொடுக்கிற சாமானா அது? பெரிய மனிதர்களாகப் பார்த்துப் பத்துப் பத்தாகக் கொடுத்தேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா பால்துரை அண்ணாச்சியிடம் ஒரு மாதம் கழித்து விசாரித்தேன்.

“அண்ணாச்சி, லில்லி எப்படி?”

“நல்லா இருந்துச்சுவே. இன்னும் இருந்தா கொண்டாரும்.”

மனுஷனுக்குப் பூவின் மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோய், மறுநாளே இருபது கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்தது. செப்டம்பர் வந்தது, நாலு வருஷம் நிறைந்தது. பூவும் இல்லை, ஆளும் இல்லை. “பூ தாமதம், அதான் கப்பலும் தாமதம்” என்று சொல்லிப் பார்த்தேன். நானே அதை நம்பவில்லை. சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் டின்களிடம்தான் போவேன். “சவத்தெழவே, எப்பத்தான் பூப்ப?” என்று ஏசுவேன். ஏசிவிட்டுத் தண்ணீரும் ஊற்றுவேன்.

நாற்பத்தாறு பிப்ரவரியில் ஒருநாள் வாசலில் குதிரை வண்டி நின்றது. ஒரு கிழவர் இறங்கினார். “யாரு வேணும்?” என்று கேட்டேன். “அண்ணாச்சி” என்றான். அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

சயாம் காட்டில் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோய்விட்டார்களாம். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜெபகனி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். குடித்துவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினான்.

மறுநாள் காலையில் அவனைக் கைத்தாங்கலாக டின்களிடம் கூட்டிப்போனேன். “பாரு, ஒண்ணைக்கூடச் சாக விடல” என்றேன். தம்பி ஒரு இலையைக் கிள்ளினான், மூக்கருகே கொண்டுபோனான்.

“அண்ணாச்சி, இது வெங்காயம்லா?”

“ஏலே, பொட்டலத்துல படம் போட்டிருக்குலே.”

“படம் போட்டிருக்கும். பிளாட்பாரத்துல வித்த பய என்னைய நல்லா ஏமாத்திருக்கான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான். சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். எனக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“ஏளா ஜெபகனி! இங்கன வா!”

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“இது வெங்காயமா?”

“ஆமா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத வருசமே. வெங்காயத் தாள் ஒடிஞ்சு வாடை அடிச்சுச்சு. சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க டின்னுப் பக்கத்துல பேப்பரும் கையுமா உக்காந்திருந்தீங்க. சிங்கப்பூர் போச்சுன்னு போட்டிருந்த பேப்பரு. திரும்பிப் போயிட்டேன்.”

“அப்ப தெருவுல உள்ளவங்களுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும். வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். பால்துரை அண்ணாச்சி வீட்டுலயும் சொன்னேன்.”

இருபது கிழங்கு! அந்த ஆள் வீட்டில் எத்தனை நாள் குழம்பு கொதித்திருக்கும்! மானம் கப்பலேறியதும் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். “நாலு வருசம் என்னைய கோமாளியாக்கிட்டியே! சரி, வெங்காயம்னே வச்சுக்குவோம். வெங்காயமும் பூக்கும்லா? அதுவாவது பூத்துத் தொலைச்சிருக்கலாம்லா?”

“பூத்துச்சு” என்றாள். “வருசா வருசம் தண்டு வந்துச்சு. நீங்க கிட்டங்கிக்குப் போனதும் ஒடிச்சுக் குழம்புல போட்டுருவேன். ருசியா இருக்குன்னு நீங்கதான் ரெண்டாவது தடவ ஊத்தச் சொல்லுவீங்க.”

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“எதுக்குளா ஒடிச்ச?”

“பூ வந்தா ஆளு வந்துருவான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சீங்களே. அந்தப் பூவ விட்டுவச்சிருந்தா, நீங்க அதப் பாத்துட்டு வாசலைப் பாப்பீங்க. நான் அங்கன யாரக் காட்டுவேன்?”

தம்பியின் சிரிப்பு நின்றது. தம்பி இனி வரவே மாட்டானோ என்ற பயத்தை வீட்டில் நான் ஒருத்தன்தான் சுமக்கிறேன் என்று நாலு வருஷமும் நினைத்திருந்தேன். அவள் அந்தப் பயத்தையும் சுமந்து, என்னையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். தம்பி முன்னாலேயே நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஜெபகனி அழவில்லை. என் முன்னால் அழாமல் இருந்து இருந்து அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.