தம்பி ஜெயித்த நாடுகள்

என் தம்பி எட்வின் மேடையில் ஜெயிக்கிற நாட்டுக் கைதிகள் எல்லாரும் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு எங்கே அனுப்புவார்கள்.

எட்வின் வெளிநாட்டில் ஓபரா என்கிற பாட்டு நாடகத்தில் பாடுகிறவன். ஆண்பிள்ளை பெண்குரலில் பாடினால் அங்கே கவுண்டர்டெனர் என்று பெயர். சர்ச்சில் பாடிய மற்ற பையன்களுக்கெல்லாம் குரல் உடைந்தபோது இவனுக்குப் பேச்சு மட்டும் உடைந்தது, பாட்டு உடையவில்லை. பழைய ஓபராக்களில் ராஜாவும் தளபதியும் அந்த உயர்ந்த குரலில்தான் பாட வேண்டும். கனத்த குரல்காரன் தூதனாக வந்து சேதி சொல்லிவிட்டுப் போவான். அதனால் என் தம்பி வருஷக்கணக்காகப் போருக்குப் போய்க்கொண்டே இருந்தான்.

கைதிகள் காலை ரயிலில் வந்து இறங்குவார்கள். தோற்ற கையோடு அவர்களுக்கு நம் பாஷை வந்துவிடும், அதில் தொல்லை இல்லை. தண்ணீர்தான் தொல்லை. பாரசீகர்கள் ஓயாமல் கை கழுவுவார்கள். மொட்டைமாடியில் ஒரு கப்பற்படை பாய் விரித்துப் படுத்திருக்கும். நான் கத்திக்கொண்டே இருப்பேன். என் குரலும் தம்பி குரல் மாதிரி மேலே போகும் என்பதால் எல்லாரும் உடனே எழுந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கனத்த குரல். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால், "யார்ட்ட இருந்து சேதி கொண்டு வந்திருக்கீரு?" என்பார்கள்.

போன மாதம் எட்வின் போன் செய்தான்.

"எக்கா, புது ஓபராவுல ராஜா வேஷம்."

"யாரு கூடச் சண்ட?"

"வடக்க ஒரு பனி நாடு." தொண்டையைச் செருமிக்கொண்டான். "இந்த வாட்டி நான் தோக்கணும்."

ஜெயிக்கிற ராஜா கடைசியில் ஒரு சுரத்தைத் தொட வேண்டுமாம். அது இப்போது அவனுக்கு எட்டவில்லை. எட்டுகிற சின்னப் பையன் ஒருவன் வந்திருக்கிறான்.

"முடியாதுன்னு சொல்லுலே."

"சொன்னா பெறவு தூதன் வேஷங்கூட தரமாட்டாவ. பாட்டே இல்லன்னு ஆயிரும்க்கா."

ராஜா தோற்றால் ராஜா வீட்டார் கைதி. நானும் வீட்டுக்காரரும் அந்தப் பையனின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். என் அடுப்பையும் குழாயையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். பாடாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. "சரி, பாடு. தொண்டையில மஃப்ளர் சுத்திக்கோ" என்று வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கேஸை மூடினேனா என்று பார்ப்பேன். மூடியிருந்தால் திறந்து மறுபடி மூடுவேன். பாரசீகத் தளபதியைக் கூப்பிட்டு, முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றவும் பால்காரரிடம் சொல்லவும் சொன்னேன்.

"கவலப்படாதீங்கக்கா" என்றார் அவர். "தோத்துப் போறதுல மொத வாரந்தான் கஷ்டம். பெறவு காத்து வாற எடமா பாத்துப் பாய் போட்டுக்கிடலாம்."

"அங்கயாவது எனக்குத் தண்ணி குடுக்காவளான்னு பாப்போம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எட்வின் சனிக்கிழமை தோற்றான். அதே ஓபராவின் மறு ஆட்டத்தன்று நாங்கள் பனி ஊரில் போய் இறங்கினோம்.

பையனின் அக்கா பெயர் இங்க்ரிட். தோற்றுவிட்டதால் அவள் பேசியது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் கிடையாது, கதவைச் சாத்தி வையுங்கள், காலைத் துடையுங்கள் என்றாள். குளிரில் கட்டிப்போன குரல். கூடம் நிறையக் கைதிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அசைந்தார்கள்.

நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பிழைக்க வந்த இடம். ஆனால் அடுப்பில் ஒன்றுமே இல்லை, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். குழாய் சொட்டியது.

"அத யாரு மூடுறது?" என்றேன்.

என் குரல் இதுவரை போகாத உயரத்துக்குப் போயிற்று. கூடத்தில் இருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் குழாயை மூடினார், ஒருவர் அடுப்பை அணைத்தார். கடைசியில் இங்க்ரிட்டும் எழுந்தாள்.

"எக்கா, நான் எங்க படுக்கட்டும்?" என்று தமிழில் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எட்வின் போன் செய்தான்.

"எக்கா, பாதிப் பாட்டுல அந்தப் பய மண்டி போட்டுட்டான். என்னயச் சிம்மாசனத்துல உக்கார வச்சிட்டாவ. அடுத்த வருஷத்துக்கும் ஜெயிக்கிற ராஜா வேஷம் எனக்குத்தானாம்."

"அந்தச் சொரம்?"

"நான் வாயத் தொறந்தேன். எங்க இருந்தோ வந்துது."

"மஃப்ளர் கட்டுனியா?"

"கட்டுனேன்க்கா."

ஊருக்குப் புறப்பட வேண்டும். முருங்கைக்கு யாராவது தண்ணீர் ஊற்றினார்களோ என்னவோ. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். இங்க்ரிட் பெட்டியைத் திறந்து வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊருல வெயிலு" என்றேன். "கம்பளியெல்லாம் விட்டுட்டு வா."

அவள் அலமாரியைத் திறந்து விட்டாள். கம்பளிச் சட்டைகள் ஆடுகள் மாதிரி வரிசையாகப் படியிறங்கி மேயப் போயின. ஒன்று மட்டும் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அது என் அளவு.