நிக்கானோரின் சாடியில் சாம்பல்

2024 மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், லண்டனின் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்த கற்சாடியில் ஒரு சிறங்கை சாம்பல் எங்கிருந்தோ ஊறியிருந்தது. நம்பாதவர் போய்ப் பார்க்கலாம், டிக்கெட் இல்லை. சாடி எகிப்தியர் குடைந்தது. அதன் வயிற்றில் கிரேக்க எழுத்தில் நிக்கானோர் என்று பெயர். எகிப்துக்குக் கூலிப்படையாகப் போய் அங்கேயே செத்த கிரேக்கன் அவன். பிணத்தை எரிக்காத நாட்டின் கல்லுக்குள் அவனை எரித்த சாம்பலை வைத்திருந்தார்கள். அது எந்தக் காலத்திலேயோ கொட்டுண்டு போயிற்று. இது புதிது, மனிதனுடையது என்றது ஆய்வுகூடம். கல் மட்டுந்தான் எங்களது என்றார்கள் எகிப்தியச் சங்கத்தார். பெயர் மட்டுந்தான் எங்களது என்றார்கள் கிரேக்கச் சங்கத்தார். நிர்வாகம் உறிஞ்சி எடுக்கச் சொல்லித் துப்புரவுக்காரியிடம் ஹூவரைக் கொடுத்தது.

துப்புரவுக்காரி ரெய்னர்ஸ் லேனில் குடியிருக்கும் வசந்தமலர். அவளுடைய புருஷன் 2009இல் போரின் முடிவில் சரணடைந்து இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவர், திரும்பவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. பதினைந்து வருடமாகப் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். அந்நிய ஊரில் செத்த ஒருவனை ஏற்ற கல் இன்னொருவரை ஏற்காதா என்று தோன்றிய பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"குப்பையிலை போடாதை. கடலிலை கரை. ஆருடையதெண்டாலும் இருக்கட்டும்," என்றாள் கூட வேலை செய்யும் மன்னார் டொலறஸ்.

"கரைக்கேக்கை பேர் சொல்லவேணும், அக்கா."

"அப்ப சொல்லன்."

வசந்தமலர் புருஷனின் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும். விண்ணப்பப் பாரங்களில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான்.

சாம்பலைத் துணியில் முடிந்துகொண்டு சவுத்எண்ட் கடற்கரைக்கு ரயில் ஏறினாள். முழங்கால் தண்ணீரில் நின்று, பயந்தவள் செய்யக்கூடியதைச் செய்தாள்: நிக்கானோர் என்று சொல்லிக் கொட்டினாள். சாம்பல் அமிழவில்லை. அலை அடித்தும் கலையாமல் அவள் கால்களைச் சுற்றி நின்றது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. கடல் வற்றி அரை மைல் உள்ளே போன பிறகும் அவளைச் சுற்றி மட்டும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கரையில் சிலர் சிப்ஸ் தின்றுகொண்டு பார்த்தார்கள். நாலு மணிநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், கடைசியில் "கோபாலகிருஷ்ணன்" என்றாள். தண்ணீரும் சாம்பலும் உடனே போய்விட்டன. நானே கொன்றுபோட்டேன் என்று சேற்றில் குந்தியிருந்து அழுதாள்.

அடுத்த செவ்வாயும் சாடியில் சாம்பல் இருந்தது. கதை பரவி, ஸ்ட்ரெதமிலிருந்தும் பிளேஸ்டோவிலிருந்தும் புருஷன் திரும்பாத பெண்கள் பதினொரு பேர் வந்திருந்தார்கள். நிர்வாகம் அவர்களுக்காக ஒரு மணிநேரம் முந்தியே கதவைத் திறந்தது. முதல் ஆளாக உள்ளே போக ஒருத்திக்கும் துணிவு வரவில்லை.